எதிர்காலம் மட்டும் படிக்க வந்தவள்

பரங்கிப்பேட்டை பஸ்ஸில் கண்டக்டர் "இதோ கெளம்பிடும்" என்று சொன்னால் அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவாள். "இது வில்லு. இப்பக் கெளம்பாது" என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுப் போய் நிதானமாக டீ குடிப்பாள். பஸ் அங்கேயே நிற்கும். டிரைவர் ஏறி உட்கார்ந்து இன்ஜினை உறுமவிட்டால் அது கோயிங் டு. கண்டக்டர் விசில் ஊதினால் அது ஐ.என்.ஜி. அப்போதுதான் ஓடிவந்து ஏறுவாள். காஸ் சிலிண்டர் போடுகிறவன், கரன்ட் ஆபீஸ்காரன், வட்டச் செயலாளர், யார் என்ன வாக்குக் கொடுத்தாலும் அது இந்த மூன்றில் எந்த ரகம் என்று முதலில் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் நம்புவதா வேண்டாமா என்பதெல்லாம்.

இந்தப் பைத்தியக்காரத்தனம் என் வகுப்பில் ஆரம்பித்தது. எம்.ஏ. இங்கிலீஷ் முடித்து வேலை கிடைக்காதவர்கள் சிதம்பரத்தில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அதில் ஒருத்தியாக நானும் கீழவீதியில் ஒரு செருப்புக்கடைக்கு மேல்மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்துப் பத்தாம் வருஷம். வந்தவர்கள் பெரும்பாலும் பாலிடெக்னிக் பையன்கள். ஒரு நாள் பாடம் நடுவே படியேறி வந்து வாசலில் நின்றாள். என் வயதுதான் இருக்கும், முப்பத்தைந்து. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எனக்கு ஃப்யூச்சர் மட்டும் போதும் டீச்சர்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் மகள் எட்டாம் வகுப்பு. இங்கிலீஷில் பாஸ்ட், பிரசன்ட், ஃப்யூச்சர் என்று மூன்று இருப்பதாக அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். இவளுக்கு அதில் மூன்றாவது மட்டும் வேண்டுமாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இதென்ன ஓட்டலா, சாம்பார் வேணாம் வத்தக்குழம்பு மட்டும் ஊத்துங்கன்னு சொல்றதுக்கு என்று கேட்டுவிட்டேன். பையன்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குகிறவரை காத்திருந்து அவள் விஷயத்தைச் சொன்னாள்.

அவள் கணவன் துபாயில் கம்பி கட்டுகிற வேலை. எங்கள் பக்கத்தில் எந்த அரபு நாட்டுக்குப் போனாலும் துபாய்தான், அதனால் எந்த நாடு என்று நான் கேட்கவில்லை. போய் இரண்டு வருஷம் முடிந்து லீவில் வர வேண்டிய நேரத்தில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். உயிர் இருக்கிறது, பேச்சு இல்லை. அங்கே ஏதோ ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று கூட வேலை பார்த்த ஒருவர் திரும்பி வந்து சொல்லியிருக்கிறார். அவர் கொடுத்த கம்பெனி ஆபீஸ் நம்பர் ஒன்றுதான் கையில் இருந்தது. போன் செய்தால் எடுக்கிற ஆளுக்குத் தமிழ் தெரியாது, மலையாளமும் தெரியாது. இங்கிலீஷில் மட்டும் பேசுவான். மகளைப் பேசவைத்துப் பார்த்தாள். அந்தக் குழந்தை ஹலோ என்று சொல்லிவிட்டு வாயடைத்துப் போய் போனை வைத்துவிட்டு அழுதது.

"அவரு எப்ப வருவாருன்னு நான் கேக்கணும். அவன் சொல்ற பதிலு எனக்குப் புரியணும். அவ்ளோதான் டீச்சர். நடந்து போனதெல்லாம் எனக்கே தெரியும். அதை எதுக்கு இங்கிலீஷ்ல வேற தெரிஞ்சுக்கணும்?"

அன்றைக்கே பாடத்தை நிறுத்திவிட்டுக் கரும்பலகையில் மூன்று படிக்கட்டு வரைந்தேன். கீழ்ப்படி வில். வாய்க்கு வந்ததைச் சொல்வது, அல்லது நம்முடைய யூகம். நடுப்படி கோயிங் டு. மனசில் முடிவாகிவிட்டது, இல்லாவிட்டால் அறிகுறி கண்ணெதிரே தெரிகிறது. வானம் கறுத்துக்கொண்டு வந்தால் மழை கோயிங் டு. மேல்படி ஐ ஆம் கமிங். ஏற்பாடெல்லாம் முடிந்து டிக்கெட் பையில் இருக்கிறது. இங்கிலீஷ்காரன் இவ்வளவு சுத்தபத்தமாகப் பேசுவதில்லை, மூன்றையும் கலந்துகட்டித்தான் அடிப்பான் என்று எனக்குத் தெரியும். ஆனால் படிக்க வருகிறவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒரு கயிறு வேண்டுமே. அவள் மாதிரி அதை யாரும் இறுக்கிப் பிடித்துக்கொண்டதில்லை.

பத்து நாளில் போன் செய்துவிட்டாள். மறுநாள் வகுப்புக்கு வந்து எல்லோர் முன்னாலும் நின்று சொன்னாள். போனில் கேட்டதைச் சொல் பிசகாமல் அப்படியே ஒப்பிப்பது அவள் வழக்கம். அர்த்தம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

"ஹி இஸ் கமிங் நெக்ஸ்ட் மன்த்."

சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பி, அங்கே படம் இல்லாவிட்டாலும், மேல்படி இருந்த இடத்தைக் கையால் தொட்டுக் காட்டினாள். பையன்கள் கை தட்டினார்கள். அன்றிலிருந்து அவளுக்கு ஃப்யூச்சர் அக்கா என்று பெயர். கிண்டலாகத்தான் ஆரம்பித்தது. பிறகு அந்தப் பையன்களே "அக்கா, போன் போட்டீங்களா, என்னா சொன்னாங்க?" என்று என்னைவிட அக்கறையாக விசாரித்தார்கள். அடுத்த மாதம் வந்தது, போனது. அவன் வரவில்லை.

பாஸ்ட் டென்ஸ் பாடம் வந்தால் எழுந்து கீழே போய்விடுவாள். செருப்புக்கடைக்காரரிடம் பேசிக்கொண்டு நிற்பாள், பாடம் முடிந்ததும் மேலே வருவாள். சரி, அவள் பிடிவாதம் என்று விட்டுவிட்டேன். ஒரு தடவை மட்டும் விட முடியவில்லை. தமிழில் ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுதி அதை இங்கிலீஷில் மாற்றச் சொன்னேன். 'அவர் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போன் பண்ணுவார்' என்று எழுதி, பக்கத்தில் ஹி வில் போன் எவ்ரி ஃப்ரைடே என்று போட்டிருந்தாள். அவன் விழுவதற்கு முன்னால் வெள்ளிதோறும் பேசிக்கொண்டிருந்ததைத்தான் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். இந்த இடத்தில் யூஸ்டு டு வரும், முன்பு செய்துகொண்டிருந்தார் என்று அர்த்தம், இது பாஸ்ட் என்றேன்.

"பண்ணுவாருன்னா ஃப்யூச்சர்தானே டீச்சர்?"

தமிழில் அப்படித்தான் இருக்கிறது, நான் என்ன செய்ய? இனிமேல் பண்ணப் போவதும் பண்ணுவார்தான், ஒரு காலத்தில் பண்ணிக்கொண்டிருந்ததும் பண்ணுவார்தான். நம் பாஷை இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு வைத்திருக்கிறது, இங்கிலீஷ்காரன் பிரித்துவிடுகிறான் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். எழுதியதை மட்டும் திருத்தவில்லை.

இன்னொரு நாள் இன்னும் மோசம். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவள் கணவன் வீட்டை விட்டுக் கிளம்பும்போது நிலைப்படியில் நின்று "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். போறேன் என்று சொல்லவில்லை, வருவேன் என்றும் சொல்லவில்லை. வரேன் என்றால் ஐ ஆம் கமிங்தானே, அப்படியானால் திரும்பி வர ஏற்பாடு முடிந்தது என்றுதானே கணக்கு என்றாள். நம் ஊரில் பக்கத்துக் கடைக்குப் போகிறவன்கூட வரேன் என்றுதான் சொல்லுவான், போறேன் என்பது அபசகுனம் என்பதால் வந்த வழக்கம் அது, அதற்கும் டென்ஸுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தபின் சொல்ல முடியவில்லை. ஆமாம், ஐ.என்.ஜி.தான் என்றேன். அன்று சந்தோஷமாகப் போனாள். எனக்குத்தான் ராத்திரி சோறு இறங்கவில்லை.

அதன் பிறகு வந்த பதில் ஹி இஸ் கோயிங் டு கம், ஆஃப்டர் ட்ரீட்மென்ட். ஒரு படி இறங்கிவிட்டது. வைத்தியம் நடக்கிறதே, நல்லதுதானே என்று நானும் பையன்களும் அவளைத் தேற்றினோம். சரி சரி என்று தலையாட்டினாள். மூன்றாவதாக வெறுமனே ஹி வில் கம். அன்றைக்கு அவள் மேலே வரவே இல்லை. வகுப்பு முடிந்து நான் இறங்கும்போது மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"எறங்கிட்டாங்க டீச்சர். கடைசிப் படிக்கு வந்துட்டாங்க."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த ஆள் ஏதோ கிளார்க், அவனுக்கு இவ்வளவு இலக்கணமெல்லாம் தெரியாது, வாயில் வந்ததைச் சொல்வான், வில் என்று சொன்னதால் அவர் வரமாட்டார் என்றாகிவிடாது என்று நீளமாகப் பேசினேன். முழுக்கக் கேட்டாள்.

"அப்ப மொதல்ல 'இஸ் கமிங்'னு சொன்னானே, அதுவும் வாயில வந்ததுதானா டீச்சர்?"

என்ன பதில் சொல்வது? இறங்கியது பொய் என்றால் முதலில் ஏறி நின்றதும் பொய். அவளுக்கு அந்த முதல் வாக்கியம் வேண்டும். அது வேண்டுமென்றால் இந்த மூன்றாவதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வளவு அறிவு அவளுக்கு இல்லாமல் இருந்திருக்கக் கூடாதா என்று அன்று நினைத்தேன்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் என் கணவருக்கு சிப்காட்டில் வேலை கிடைத்து நாங்கள் கடலூருக்கு வந்து மஞ்சக்குப்பத்தில் வீடு பிடித்தோம். வகுப்பை மூடிவிட்டேன். அவள் மட்டும் விடவில்லை. கணவனை ஊருக்குக் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொரு திங்கட்கிழமையும் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்க வருவாள், கொடுத்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்துவிடுவாள். சமையலறைத் தரையில் உட்கார்ந்து எனக்குக் கீரை ஆய்ந்து கொடுப்பாள். வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டாள்.

கலெக்டர் ஆபீஸில் சொன்ன பதில் 'ஆவன செய்யப்படும்'. யார் செய்வாங்க சார் என்று இவள் கேட்டிருக்கிறாள். செய்யப்படும்மா என்றிருக்கிறார் எழுத்தர். அது சரி, யாருன்னு சொல்லுங்க என்று விடாமல் நின்றிருக்கிறாள். போய் உக்காரும்மா என்று சத்தம் போட்டுவிட்டார். "இது எந்தப் படி டீச்சர்?" என்று என்னிடம் கேட்டாள். தமிழில் இதற்குக் கீழே படியே கிடையாது, இது கிணறு என்றேன். சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதே சமையலறையில் அவள் பேசிப் பழகுவாள். நான் சொல்லிக் கொடுத்ததெல்லாம் கேள்வி கேட்கத்தான். ஆனால் அவள் தானாகவே வாக்கியம் கட்ட ஆரம்பித்திருந்தாள். எல்லாம் அவன் வரப்போகும் நாளைப் பற்றியது, எல்லாம் மேல்படியில்தான் இருக்கும். ஹி இஸ் கமிங். ஐ ஆம் வேரிங் க்ரீன் சாரி. மை டாட்டர் இஸ் நாட் கோயிங் டு ஸ்கூல். வீ ஆர் டேக்கிங் கார். ஐ ஆம் நாட் கிரையிங். கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொல்லுவாள், சரியா என்று நிமிர்ந்து பார்ப்பாள். இலக்கணம் சரிதான். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொள்வேன். அந்த ஆண்டவன் மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வரும். பேச்சில்லாமல் கிடக்கிற ஒரு மனுஷனை விமானத்தில் ஏற்றி அனுப்ப இத்தனை காலம் என்ன பேச்சு பேசுகிறார்கள் என்று அந்தக் கம்பெனிக்காரனையும் நன்றாகத் திட்டுவேன். அவள் திட்டமாட்டாள். திட்டினால் படி இன்னும் இறங்கிவிடுமோ என்று பயம்.

மழைக்காலத்தில் ஹி மே கம் வந்தது. 'மே'வை எந்தப் படியில் வைப்பது என்று கேட்டாள். அதுவும் ஃப்யூச்சர்தான் என்றேன். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் தானே புயல். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடக்கும் என்று முதல் நாளே ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்படி எத்தனை கடக்கும்களைக் கேட்டவர்கள் நாங்கள்! விடிந்து பார்த்தால் மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி ஒரு மரம் நிற்கவில்லை. கரன்ட் கம்பமெல்லாம் தெருவில் கிடந்தது. செல்போன் டவர்களும் சாய்ந்துவிட்டதால் யாருக்கும் யாரோடும் பேச முடியவில்லை. அவள் ஊர்ப்பக்கம் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தகவலே இல்லை. பஸ் ஓட ஆரம்பித்ததும் முதல் வேலையாக வந்து நின்றாள். வீட்டுக்கூரை போய்விட்டது, சோறு போடுகிற தையல் மெஷினும் மகளும் பத்திரம் என்று ஒரே மூச்சில் சொன்னாள். போன் இன்னும் வேலை செய்யவில்லை, அதுதான் அவளுக்குக் கவலை. ஆனால் முகத்தில் ஏதோ தெளிவு.

"ரேடியோல கடக்கும்னுதானே டீச்சர் சொன்னாங்க? வெறும் வில்லுதானே? சொன்ன எடத்துல சொன்ன நேரத்துக்குக் கடந்துச்சு பாத்தீங்களா?"

ஊரே கூரை இல்லாமல் நிற்கிறது, இவள் அதிலிருந்து தனக்கு ஒரு நம்பிக்கையைக் கொத்தி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். என்னத்தைச் சொல்ல. ஆமாம் என்றேன்.

போன் லைன் சரியான அடுத்த திங்கட்கிழமை. என் பையனைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிக்கொண்டிருந்தேன். கலெக்டர் ஆபீஸ் திறக்கிற நேரம்கூட ஆகவில்லை, கேட்டைத் திறந்துகொண்டு ஓடி வருகிறாள். மூச்சு வாங்குகிறது.

"ஏறிட்டாங்க டீச்சர்! 'மே'யிலேருந்து நேரா கோயிங் டுக்கு ஏறிட்டாங்க."

முந்தின நாள் பேசியபோது போனை எடுத்தது பழைய ஆள் இல்லை, ஒரு பெண் குரலாம். ரொம்ப மரியாதையாகப் பேசியதாம். வேகமாக நிறையச் சொன்னதில் இவளுக்குப் பிடிபட்டது ஒரு வாக்கியம்தான். அதைக் கைவிட்டுவிடாமல் பஸ்ஸில் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்திருக்கிறாள். என் முன்னால் நிமிர்ந்து நின்று ஒப்பித்தாள்.

"ஹி வாஸ் கோயிங் டு கம்."

என் கையிலிருந்த டிபன் பாக்ஸை மேஜைமேல் வைத்தேன். பையனைப் பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்தேன். அதற்குள் முகத்தைச் சரிசெய்து கொள்ளலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அவள் கண்டுபிடித்துவிட்டாள். அந்த நடுவில் வருகிற வாஸ்தான் என்ன என்று புரியவில்லை, மரியாதைக்குச் சேர்ப்பதா என்று கேட்டாள்.

வாஸ் சொல்லிக்கொடுத்த அன்றெல்லாம் அவள் செருப்புக்கடையில் நின்றிருந்தாள். என்னால் சுற்றி வளைக்க முடியவில்லை. அது பாஸ்ட் டென்ஸ், அதைச் சேர்த்தால் 'வர்றதா இருந்தாரு' என்று அர்த்தம் என்றேன். இதற்கு விளக்கம் தேவைப்படுகிற தமிழர் யாரும் இல்லை.

"நான் தப்பாக் கேட்டிருப்பேன். நீங்க ஒரு தடவ பேசிப் பாருங்க" என்றாள். இத்தனை நாளில் தப்பாகக் கேட்டிருப்பேன் என்று அவள் சொன்னதே இல்லை.

போன் போட்டேன். அந்தப் பெண் குரல்தான். நான் யார் என்று சொன்னதும் நிறுத்தி நிதானமாகப் பேசினாள். எல்லா ஏற்பாடும் முடிந்திருந்தது, படுத்தபடி வர சீட், கூட வர ஒரு நர்ஸ் எல்லாம் போட்டிருந்தார்கள். கிளம்ப வேண்டிய வாரத்தில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டார். வீட்டு நம்பருக்கு நாங்கள் போன் செய்துகொண்டே இருந்தோம், லைன் கிடைக்கவே இல்லை, உடல் இன்னும் பிணவறையில்தான் இருக்கிறது என்றாள். புயல் அடித்த அதே வாரம். இங்கே டவர் எல்லாம் விழுந்து கிடந்த வாரம். நான் எஸ், எஸ் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"டீச்சர்" என்றாள் பின்னாலிருந்து. "அவுங்க எந்த டென்ஸ்ல பேசறாங்க?"

போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினேன்.

"பாஸ்ட்" என்றேன்.

அழுதுவிடுவாள், விழுந்துவிடுவாள் என்று பிடித்துக்கொள்ளத் தயாராக நின்றேன். அவள் என் கையிலிருந்து போனை வாங்கினாள். காதில் வைத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வென் ஆர் யூ சென்டிங் ஹிம்?"

அந்தப் பக்கம் குரல் பதறி ஏதோ சொன்னது. வீ வில் ட்ரை மேடம், வீ வில் ட்ரை என்றது எனக்கும் கேட்டது.

"நோ வில்" என்றாள். குரல் ஆடவில்லை. "நோ வில் மேடம். வென் ஆர் யூ சென்டிங் ஹிம்?"

அந்தப் பெண் ஒரு தேதி சொல்லுகிறவரை அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு நின்றாள்.